தாய்ப் பத்திரம் எங்கே?

வெஜிடேட்டிவ் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் என்றொரு கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இருக்க முடியாது. ஏனென்றால் அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் உண்டு. அதில் ஸ்கேனிங் என்று ஒரு வகை, டிரான்ஸ்மிஷன் என்று ஒரு வகை உண்டு. கத்திரிக்காய், வெண்டைக்காயைப் பார்ப்பதற்கென்று தனியாக ஒன்றை யாரும் செய்து வைக்கவில்லை. ஆனாலும் 20-க்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது.

எங்கிருந்து முளைத்தது இது? 1959-ல் பாக்டீரியாக்களைப் பற்றி ஓர் அறிவியல் இதழில் கட்டுரை வந்தது. செய்தித்தாள் மாதிரி பக்கத்தை நெடுக இரண்டாகப் பிரித்து அச்சடித்திருந்தார்கள். இடது பாதியில் ஒரு வரியில் ‘வெஜிடேட்டிவ்’ என்ற சொல். பாக்டீரியாவின் வளரும் பருவத்தைக் குறிப்பது. அதே மட்டத்தில், வலது பாதியில், சம்பந்தமே இல்லாமல் ‘எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி’. பல வருடம் கழித்து இதை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, நடுவில் இருந்த கோட்டை மதிக்காமல் சாஃப்ட்வேர் இரண்டையும் ஒரே வரியாகப் படித்துவிட்டது.

அடுத்த கூத்து ஈரானில். 2017, 2019 வருடங்களில் வந்த சில ஈரானியக் கட்டுரைகளில் இதே சொற்றொடர் தலைகாட்டியது. பாரசீக மொழியில் ‘ஸ்கேனிங்’ என்பதற்கான சொல்லுக்கும் ‘வெஜிடேட்டிவ்’ என்பதற்கான சொல்லுக்கும் எழுத்தில் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். மொழிபெயர்ப்பில் புள்ளி பிசகியிருக்கும் என்பது ஏற்கத்தக்க விளக்கம்.

அப்புறம் வந்தது ஏஐ. இண்டர்நெட்டில் இருந்ததையெல்லாம் தின்று வளர்ந்த மாடல்களுக்கு இந்தச் சொற்றொடர் ரத்தத்தில் ஊறிவிட்டது. பழைய கட்டுரையிலிருந்து ஒரு துண்டைக் கொடுத்து மிச்சத்தை எழுதச் சொன்னால், ஜிபிடி-3 அந்த இல்லாத மைக்ராஸ்கோப்பையே எழுதுகிறது. அதற்கப்புறம் வந்த மாடல்களிலும் வியாதி தொடர்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து 2025-ல் சொன்னார்கள்.

ஸ்கேனரும் மெஷின். ஏஐயும் மெஷின். இரண்டையும் விட்டுவிடுவோம். நடுவில் மனிதர்கள் இருந்தார்களே? கட்டுரையை எழுதியவர்கள், சரிபார்த்தவர்கள், ஏற்றுக்கொண்ட பத்திரிகை ஆசிரியர்கள். ஒருவராவது அந்த வரியைப் படித்திருந்தால் ‘இது என்னய்யா புதுக் கருவி’ என்று கேட்டிருக்க மாட்டாரா?

இந்தக் கேள்விதான் இந்த வாரம் நம் சமாசாரம்.

*

ஆராய்ச்சி உலகத்தில் லிட்ரேச்சர் ரிவ்யூ என்று ஒன்று உண்டு. தமிழில் ‘இலக்கிய மீளாய்வு’ என்று பெயர்த்திருக்கிறார்கள். கம்பனையும் இளங்கோவையும் நினைத்துக்கொண்டு ஓடி வராதீர்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட விஷயத்தில் இதுவரை யார் யார் என்னென்ன கண்டுபிடித்திருக்கிறார்கள், எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே அடித்துக்கொள்கிறார்கள், எது இன்னும் தெரியாது என்று எல்லாவற்றையும் படித்து எழுதி வைக்கிற வேலை. பிஎச்.டி. தீசிஸ் என்றால் பெரும்பாலும் இரண்டாவது அத்தியாயம்.

நம் பாஷையில் சொல்வதென்றால், வில்லங்கம் பார்ப்பது.

மனை வாங்கப் போகிறீர்கள். புரோக்கர் ‘எல்லாம் க்ளியர் சார், கண்ணை மூடிக்கிட்டு அட்வான்ஸ் குடுங்க’ என்கிறார். கொடுப்பீர்களா? 30 வருடத்துக்கு ஈ.சி. போட்டுப் பார்ப்பீர்கள். தாய்ப் பத்திரம் எங்கே என்று கேட்பீர்கள். ஜெராக்ஸ் போதாது, ஒரிஜினலைக் காட்டு என்பீர்கள். அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து மச்சானுக்கு என்று அந்த நிலம் கைமாறி வந்த கதையை ஒரு வக்கீல் உட்கார்ந்து படிப்பார். எங்காவது ஓர் அத்தை கையெழுத்துப் போடாமல் விட்டிருந்தால் அங்கே நிறுத்துவார்.

ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு பெயர், ஒரு வருடம் போடுகிறார்களே, அதுதான் தாய்ப் பத்திரம். ‘இதை நான் சொல்லவில்லை, இன்னார் சொன்னார், நான் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன்’ என்கிற உறுதிமொழி.

இந்த வேலையை இப்போது ஏஐயிடம் கொடுக்கலாம் என்கிறார்கள். கொடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். தலைப்பைத் தட்டினால் பத்து நிமிடத்தில் இருபது பக்கம், அடிக்குறிப்புகளோடு வந்து நிற்கிறது. சாட்ஜிபிடியில் ‘டீப் ரிசர்ச்’ என்றே ஒரு வசதி 2025 பிப்ரவரியில் வந்துவிட்டது.

கொடுக்கலாமா, கூடாதா?

*

அதற்கு முன்னால், இந்த இரண்டாவது அத்தியாயத்துக்கு இவ்வளவு மரியாதை எதற்கு? எழுதாவிட்டால் யார் குடி முழுகிவிடும்?

குழந்தைகள் செத்துப்போகும். மிகைப்படுத்தவில்லை.

1972-ல் நியூசிலாந்தைச் சேர்ந்த லிக்கின்ஸ், ஹோவி என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். குறைப்பிரசவம் ஆகும் என்று தெரிந்த தாய்க்கு, முன்கூட்டியே ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் தயாராகிவிடுகிறது. பிறந்த பின் மூச்சுத் திணறிச் சாவது குறைகிறது. விலை மலிவான ஊசி.

அடுத்தடுத்து பல நாடுகளில் இதைச் சோதித்தார்கள். சிலவற்றில் பலன் தெளிவாகத் தெரிந்தது. சிலவற்றில் ஆட்கள் குறைவு, தெளிவாகத் தெரியவில்லை. தனித்தனியாகப் பார்த்த டாக்டர்களுக்கு ‘இப்படியும் சொல்கிறார்கள், அப்படியும் சொல்கிறார்கள்’ என்று குழப்பம். எல்லாவற்றையும் ஒரே மேஜையில் பரப்பி, கூட்டிக் கழித்து ஒரு முறையான ரிவ்யூ வெளிவர 1989 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பார்த்தால் பட்டவர்த்தனமாக இருந்தது: இந்த ஊசி, குழந்தை இறக்கும் வாய்ப்பை 30 முதல் 50 சதவிகிதம் வரை குறைக்கிறது.

நடுவில் போன வருடங்களில், பிழைத்திருக்கக்கூடிய பல்லாயிரம் குழந்தைகள் பிழைக்காமல் போயிருக்கலாம் என்கிறார்கள். மருந்து இருந்தது. ஆராய்ச்சி இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க ஆள் இல்லை. மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் படிப்பதற்கென்றே 1993-ல் தொடங்கிய காக்ரேன் என்ற அமைப்பின் சின்னத்தைப் பாருங்கள். வட்டத்துக்குள் சில கோடுகள் இருக்கும். அழகுக்குப் போட்டதல்ல. அந்த ஊசியைச் சோதித்த ஏழு பரிசோதனைகளின் முடிவுகள்தான் அந்தக் கோடுகள்.

சரி, படிக்காமல் இருந்தால் இந்தக் கதி. படித்த மாதிரி காட்டிக்கொண்டால்?

அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1980 ஜனவரியில் ‘நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற புகழ்பெற்ற இதழில் ஆசிரியருக்குக் கடிதம் ஒன்று வெளியானது. எழுதியவர்கள் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக். மொத்தமே ஐந்து வாக்கியம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகளில் 11,882 பேருக்கு ஓபியாய்டு வகை வலி மருந்து கொடுத்ததில், நான்கே பேருக்குத்தான் அது பழக்கமாகிப் போனதாக ஆவணங்களில் தெரிகிறது என்றார்கள். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குள், நர்ஸ் கையால், டாக்டர் கண்ணெதிரில் கொடுத்த மருந்து.

1990-களின் மத்தியில் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அந்த ஐந்து வாக்கியத்துக்கு யோகம் அடித்தது. ‘இந்த வகை மருந்துகளுக்கு யாரும் அடிமையாவதில்லை, நிரூபித்திருக்கிறார்கள், பார்க்க: போர்ட்டர், ஜிக், 1980.’ கட்டுரைக்குக் கட்டுரை இதே. வீட்டுக்கு எடுத்துப் போய் மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

2017-ல் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதே இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டியவை 608. அதில் 439, ‘அடிமையாவது அபூர்வம்’ என்பதற்கு ஆதாரமாகவே காட்டின. 491, அது ஆஸ்பத்திரி நோயாளிகளைப் பற்றியது என்கிற அடிப்படைத் தகவலையே சொல்லவில்லை. 1999 முதல் 2019 வரை ஓபியாய்டு கூடுதலாகப் போய் அமெரிக்காவில் செத்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர். எல்லாம் அந்தக் கடிதத்தால் என்று சொன்னால் அபத்தம். மருந்துக் கம்பெனிகளின் பேராசை, டாக்டர்களின் அலட்சியம், கள்ளச் சந்தை என்று நிறைய இருக்கிறது. ஆனால் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி, ஒரிஜினலைத் திறந்து பார்க்காமல் எழுதிய ஒரு வரி.

கவனியுங்கள், இதில் எதிலும் ஏஐ இல்லை. எல்லாம் நாமேதான்.

*

ஆக, ஏஐ வந்துதான் ஆராய்ச்சி கெட்டுப்போனது என்று நான் ஒப்பாரி வைக்கப்போவதில்லை. நமக்கு ஏற்கெனவே இந்தப் பழக்கம் உண்டு.

எல்செவியர் என்ற பெரிய பதிப்பகம், தன் பத்திரிகைகளுக்குக் கட்டுரை அனுப்புகிறவர்கள் ஆதாரப் பட்டியலை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி கொடுத்திருந்தது. வான் டெர் கீர் மற்றும் இருவர், 2000-ம் வருடம், இன்ன தலைப்பு, இன்ன பத்திரிகை. சும்மா உதாரணத்துக்கு. நம் விண்ணப்பப் படிவங்களில் ‘உதாரணம்: ராமசாமி, த/பெ குப்புசாமி’ என்று போடுவார்களே, அப்படி. அந்தக் கட்டுரையும் கிடையாது, அந்தப் பத்திரிகையும் கிடையாது. ஆனால் ஏறத்தாழ 400 கட்டுரைகளின் ஆதாரப் பட்டியலில் அந்த ராமசாமி ஏறி உட்கார்ந்துவிட்டார். படிவத்தில் இருந்ததை அழிக்கக்கூட யாருக்கும் நேரமில்லை.

2003-ல் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரையை மேற்கோள் காட்டிய சுமார் 4,300 இடங்களை எடுத்துக்கொண்டு, அதில் வால்யூம் நம்பர், பக்க எண் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். 196 இடங்களில் தப்பு. தப்பு செய்வது மனித இயல்பு, போகட்டும். வேடிக்கை என்னவென்றால் 196 தப்பும் 196 விதமாக இல்லை. 45 விதம்தான். ஒரே தப்பை 78 பேர் அட்சரம் பிசகாமல் செய்திருந்தார்கள்!

பரீட்சை பேப்பர் திருத்திய எந்த வாத்தியாருக்கும் இதற்கு அர்த்தம் தெரியும். பக்கத்து பெஞ்ச் பையனைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டுகிறவர்களில் சுமார் 20 சதவிகிதம் பேர்தான் ஒரிஜினலைப் படிக்கிறார்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள்.

இப்படிப்பட்ட நம்மிடம்தான் ஏஐ பாடம் படித்தது. பிள்ளையைக் குறை சொல்வதற்கு முன்னால் வளர்ப்பைப் பார்க்க வேண்டும்.

அதே சமயம், உதவி கேட்பதும் நியாயம்தான். மருத்துவக் கட்டுரைகளைப் பட்டியலிடும் பப்மெட் என்ற தளத்தில் 3 கோடியே 80 லட்சத்துக்கு மேல் பதிவுகள் இருக்கின்றன. வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சேருகின்றன. ஒழுங்கான ஒரு மருத்துவ ரிவ்யூ செய்து வெளியிட சராசரியாக 67 வாரம் ஆகிறது என்று 2017-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஒரு வருடம் மூன்று மாதம். அதற்குள் இன்னும் பத்து லட்சம் வந்துவிடும். மனிதன் என்ன செய்வான் பாவம்?

*

2022 நவம்பர் 15. ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டா, ‘கேலக்டிகா’ என்று ஒரு மாடலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. 4 கோடியே 80 லட்சம் ஆராய்ச்சிக் கட்டுரைகள், பாடப் புத்தகங்கள், லெக்சர் நோட்ஸ் என்று பொறுக்கியெடுத்த தீனி போட்டு வளர்த்த பிள்ளை. ஆராய்ச்சிகளைச் சுருக்கிச் சொல்லும், ரிவ்யூ எழுதும், கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதும் என்றார்கள்.

எழுதியது. கேட்டதையெல்லாம் எழுதியது. விண்வெளிக்குப் போன கரடிகளின் வரலாறு வேண்டும் என்று ஒருவர் கேட்டாராம். அதையும் தட்டாமல் எழுதிக் கொடுத்தது. நிஜமான விஞ்ஞானிகளின் பெயரில் அவர்கள் எழுதாத கட்டுரைகளை ஆதாரமாகக் காட்டியது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் பிளாக், தனக்குத் தெரிந்த விஷயங்களைக் கேட்டுப் பார்த்துவிட்டு, தப்பாகவோ ஒருதலைப்பட்சமாகவோ இருக்கிறது, ஆனால் படித்தால் சரி மாதிரியே தொனிக்கிறது, அதுதான் ஆபத்து என்றார். மூன்றே நாளில் கடையைச் சாத்தினார்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் சாட்ஜிபிடி வந்தது. அப்புறம் கேலக்டிகாவை யார் நினைக்கிறார்கள்?

ஏன் இப்படிப் பொய் சொல்கிறது? பொய் என்பதே தப்பான வார்த்தை. பொய் சொல்ல உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

உங்களிடம் பத்தாயிரம் கல்யாணப் பத்திரிகைகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் என்ன ஆகும்? பத்தாயிரத்து ஒன்றாவதை நீங்களே எழுதிவிடுவீர்கள். மாப்பிள்ளைக்கு ஒரு பெயர், பி.இ., எம்.பி.ஏ., பெண்ணுக்கு ஒரு பெயர், வளர்பிறை, தசமி திதி, காலை 7.30-க்கு மேல் 9-க்குள், இன்ன திருமண மண்டபம். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ வரை ஒரு குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு சிக்கல். அந்த மண்டபத்துக்கு மொய்க் கவரோடு போனால் அங்கே கல்யாணம் நடக்காது.

ஏஐ மாடல் அதன் நினைவிலிருந்து ஆதாரம் எழுதுவது இப்படித்தான். ஆதாரம் எந்த வடிவத்தில் இருக்கும் என்பது அதற்கு அத்துப்படி. இந்தத் துறை என்றால் இந்த மாதிரிப் பெயர், இந்த மாதிரித் தலைப்பு, இந்தப் பத்திரிகை. 2023-ல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 42 தலைப்புகளில் சாட்ஜிபிடியைக் கட்டுரை எழுதச் சொல்லி, அது கொடுத்த 636 ஆதாரங்களைத் தேடிப் பார்த்தார்கள். ஜிபிடி-3.5 கொடுத்ததில் 55 சதவிகிதமும், ஜிபிடி-4 கொடுத்ததில் 18 சதவிகிதமும் நடக்காத கல்யாணங்கள்.

‘அதெல்லாம் பழைய கதை சார், இப்போது ஏஐ நேரடியாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறது’ என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். நினைவிலிருந்து உளறாமல், நிஜக் கட்டுரைகளின் கிடங்கில் தேடியெடுத்து எழுதும் மாடல்கள் வந்துவிட்டன. 4 கோடியே 50 லட்சம் கட்டுரைகள் மீது தேடும் ‘ஓபன்ஸ்காலர்’ அப்படி ஒன்று. 2024-ல் அதை உருவாக்கியவர்கள், தங்கள் சோதனையில் ஜிபிடி-4ஓ 78 முதல் 90 சதவிகிதம் வரை ஆதாரங்களைக் கற்பனை செய்ததாகவும், தங்களுடையது மனித நிபுணர்களுக்குச் சமமாக ஆதாரம் காட்டுவதாகவும் சொன்னார்கள். இல்லாத கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிப்பது குறையும். நல்லதுதான்.

ஆனால் என் பயம் அதைப் பற்றியதே இல்லை. இல்லாத கட்டுரையைக் கண்டுபிடிப்பது சுலபம். தேடினால் கிடைக்காது, முடிந்தது கதை. போர்ட்டர்-ஜிக் கடிதம் இருக்கிறதே, அது நிஜம். தேடினால் கிடைக்கும். பெயர் சரி, வருடம் சரி, பத்திரிகை சரி. அது சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னதுதான் பிரச்னை. 439 கட்டுரைகள் ஒரே குரலில் ‘அபூர்வம்’ என்று அடித்துச் சொல்ல, ஒரிஜினல் மட்டும் ஐந்தே வாக்கியத்தில் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது. பல கட்டுரைகள் கட்டணச் சுவருக்குப் பின்னால் இருப்பதால், முன்னால் ஒட்டிய சுருக்கத்தை மட்டும் ஏஐ படிக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. அப்படி ஓர் இயந்திரம் எந்தப் பக்கம் சாயும் என்று நினைக்கிறீர்கள்? கூட்டம் இருக்கிற பக்கம்தானே?

நல்ல ரிவ்யூ என்பது கூட்டத்துக்கு எதிரே நின்று ‘இருங்கள், ஒரிஜினலில் அப்படி இல்லையே’ என்று சொல்வது.

*

இது மாணவர்கள் சமாசாரம் என்று பெரிய மனிதர்கள் தப்பிக்க முடியாது. டெலாய்ட், உலகின் மிகப் பெரிய நான்கு கணக்குத் தணிக்கை நிறுவனங்களில் ஒன்று. ஆஸ்திரேலிய அரசுக்கு சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு, நம் காசில் ஏறத்தாழ இரண்டரைக் கோடிக்கு, ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தது. 2025-ல் வெளியான அந்த அறிக்கையில் இல்லாத ஆய்வுகள் ஆதாரமாக இருந்தன. நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து என்று சொல்லி ஒரு கற்பனை மேற்கோளும் இருந்தது. திருத்திய பிரதியில், ஏஐ பயன்படுத்தியதைக் குறிப்பிட்டார்கள். கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பீகாம் படித்தவன் என்கிற முறையில் எனக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே வலித்தது. ஆடிட்டிங் பேப்பரில் முதலில் சொல்லிக் கொடுப்பதே வவுச்சிங். லெட்ஜரில் ஒரு தொகை எழுதியிருந்தால், அதற்கு வவுச்சர் எங்கே என்று கேள். வவுச்சரில் தேதி, தொகை, கையெழுத்தைப் பார். ஊருக்கெல்லாம் வவுச்சர் கேட்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் வவுச்சர் இல்லாமல் கணக்கு எழுதினால் என்ன செய்வது?

அதைக் கண்டுபிடித்தது எந்த சாஃப்ட்வேரும் இல்லை. சிட்னி பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஒருவர் அறிக்கையைப் படித்தார். தனக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவர் எழுதியதாக ஒரு புத்தகத்தைக் குறிப்பிட்டிருந்தார்கள். அவர் அப்படியொரு புத்தகம் எழுதவே இல்லையே என்று உடனே பொறி தட்டியது. ஏற்கெனவே படித்து வைத்தவருக்குத்தான் பொறி தட்டும்.

நம்மூர் உதாரணம் வேண்டுமா? உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோள்கள் வந்துகொண்டே இருந்தன. எந்த நூல் என்று பெயர் இராது. ‘என்றார் பிறரும்’ என்று போய்விடுவார் உரையாசிரியர். யார் அந்தப் பிறர்? விடாமல் தேடினார். கிடைத்த ஏடுகளையெல்லாம் புரட்டி, அந்த வரிகள் பத்துப்பாட்டு, எட்டுத்தொகை ஏடுகளுக்குள் இருப்பதை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். சிந்தாமணி 1887-ல் வந்தது. அந்தத் தேடலில் கைக்கு வந்த சங்க நூல்கள் பின்னால் ஒவ்வொன்றாக அச்சேறின. யாராவது ஒரு பக்கச் சுருக்கம் எழுதிக் கொடுத்திருந்தால் சிந்தாமணிப் பதிப்பு சீக்கிரம் வந்திருக்கும். மற்றதெல்லாம்?

*

இப்போது நம் பல்கலைக்கழகங்களுக்கு வருவோம்.

தீசிஸ் திருட்டைத் தடுக்க யு.ஜி.சி. 2018-ல் விதிமுறை கொண்டுவந்தது. சாஃப்ட்வேரில் போட்டுப் பார்க்க வேண்டும். மற்றவர் எழுதியதோடு 10 சதவிகிதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. நல்ல விதி. ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் ஆதாரப் பட்டியலைச் சேர்க்க வேண்டியதில்லை என்று விலக்கு இருக்கிறது. அன்றைக்கு அது நியாயமும்கூட. ஒரே புத்தகத்தைப் பத்துப் பேர் படித்தால் பட்டியல் ஒன்றாகத்தானே இருக்கும்?

இன்றைக்கு அதன் விளைவைப் பாருங்கள். ஒருவன் நிஜக் கட்டுரையிலிருந்து நாலு வரியை எடுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வான். ஏஐ புத்தம்புதிதாகப் புனைந்த நாற்பது பக்கத்தைப் போட்டால், யாரோடும் ஒத்துப்போகாது. சதவிகிதம் ஏறத்தாழ பூஜ்யம். பட்டியலில் இருக்கும் பொய்யான ஆதாரத்தையோ யாரும் தொடவே மாட்டார்கள். திருடனைப் பிடிக்கப் போட்ட பூட்டு, கள்ள நோட்டு அடிக்கிறவனைப் பார்த்து ‘நீங்க போங்க சார்’ என்கிறது.

பேராசிரிய நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். ‘ரெண்டாவது சாப்டரை யாருப்பா படிக்கிறா?’ என்றார். கைடு படிப்பதில்லை. தேர்வாளர் புரட்டுகிறார். அதனால் மாணவனும் படிக்காமல் எழுதுகிறான். யாருமே படிக்காத ஒன்றை யாரோ எழுதினால் என்ன, எதுவோ எழுதினால் என்ன? வெஜிடேட்டிவ் மைக்ராஸ்கோப் முளைப்பது இந்த மண்ணில்தான்.

*

சரி, கொடுக்கலாமா கூடாதா என்று கேட்டிருந்தேன். பதில் சொல்லாமல் போனால் நீங்கள் சும்மா விடமாட்டீர்கள்.

தேடுகிற வேலைக்குக் கொடுங்கள். நீங்கள் ‘சர்க்கரை வியாதி’ என்று தேடும்போது அதற்கு இன்னும் என்னென்ன பெயர்கள் உண்டு என்று அதைக் கேளுங்கள். தெரியாத மொழியில் இருக்கும் கட்டுரை எதைப் பற்றியது என்று கேளுங்கள். ஐயாயிரம் கட்டுரைகளில் எது நிச்சயம் தேவைப்படாது என்று முதல் சலிப்பு சலிக்கச் சொல்லுங்கள். சலித்த உமியிலும் ஒரு பிடி அள்ளி, அரிசி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் எழுதிய ரிவ்யூவைக் கொடுத்து, எதிர்க்கட்சி வக்கீலாக ஓட்டை கண்டுபிடி என்று சொல்லுங்கள். நன்றாகவே செய்யும்.

பார்க்கிற வேலையைக் கொடுக்காதீர்கள். பெயரும் வருடமும் போட்டு ஒரு வாக்கியம் எழுதினால், அந்தப் பக்கம் உங்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். புரோக்கர் மனை காட்டலாம், வண்டியில் கூட்டிப் போகலாம், டீ வாங்கிக் கொடுக்கலாம். பத்திரத்தை அவரே படித்து அவரே ‘க்ளியர்’ என்று சொல்லக் கூடாது. வழக்கு வந்தால் கோர்ட்டில் நிற்கப்போவது நீங்கள். காக்ரேன் உள்ளிட்ட நான்கு அமைப்புகள் 2025-ல் சேர்ந்து சொன்னதன் சாரமும் இதுதான்: ஏஐயைப் பயன்படுத்துங்கள், பயன்படுத்தியதைச் சொல்லுங்கள், பொறுப்பு உங்களுடையது.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு விண்ணப்பம். புது சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம், கமிட்டி போட வேண்டாம். பைசா செலவில்லாத யோசனை. வைவா அன்று தேர்வாளர் ஆதாரப் பட்டியலைப் பிரித்து, கண்ணை மூடி மூன்று இடத்தில் விரல் வைக்கட்டும். ‘தம்பி, இந்தக் கட்டுரையைத் திறந்து பார்த்தீர்களா? யாரை வைத்துச் சோதித்தார்கள்? ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களையா, வீட்டில் இருந்தவர்களையா?’

இவ்வளவுதான் கேள்வி. படித்தவன் அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவான். அந்த 491 கட்டுரைகளை எழுதியவர்களிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.